வெள்ளிக்கிழமை எடுத்த படம்

பலகை நட்டாயிற்று என்ற செய்தியை முபீனிடம் கொண்டுவந்தவர் மீராசாஹிபு. சைக்கிளின் பின்னால் மீன்பெட்டி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறவர். போட்டோகொப்பிக் கடையின் வாசலில் ஒரு காலை ஊன்றி, சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்.

"ஊருக்கெல்லாம் நியூஸ் போடுற ஆளு நீ. ஒன்ட நியூஸ் கடக்கரையில நிக்கிது. போய்ப் பாரன்."

"என்ன காக்கா?"

"ஒன்ட பேரும் போட்டிரிக்கி. கலியாணக் கார்ட்ல மாப்புள பேர் போட்ட மாதிரி. போய்ப் பார்."

மீராசாஹிபு பெல்லை ஒருதரம் அடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் குரலில் இருந்தது பகிடியா வேறெதுவுமா என்று முபீன் கொஞ்சநேரம் யோசித்துக்கொண்டிருந்தான். எதையும் உடனே கேட்கிற பழக்கம் அவனுக்கில்லை. கல்லாவுக்குக் கீழே எப்போதும் ஒரு புத்தகம் கவிழ்த்து வைத்திருப்பான். ஆள் வராத நேரத்தில் எடுத்து வாசிப்பான். ஆள் வந்தால் அதிகம் கதைக்கமாட்டான். கதைக்கவேண்டியதையெல்லாம் 'கரையோரச் செய்தி' என்ற தன் முகநூல் பக்கத்தில் எழுதினான். கல்முனைக்குடியில் வடிகான் நிறைந்து வழிந்தால், நிந்தவூர் பஸ் நேரம் மாறினால், யாராவது மௌத்தாகி அடக்கம் நடந்தால் அந்தப் பக்கத்தில்தான் ஊர் பார்க்கும். பதினெட்டாயிரம் பேர் அதைப் பின்தொடர்ந்தார்கள்.

கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கடற்கரைக்குப் போனான்.

பலகை பெரியது. இரண்டு இரும்புக் குழாய்களில் நின்றது. 'கடற்கரைப் பூங்கா, மக்களின் யோசனை' என்று மேலே. நடுவில் ஒரு படம்: வெண்மணல், நீலக்கடல், ஒரு காகம்கூட இல்லாத நீண்ட கரை. படத்தின்மேல் ஒரு வரி: 'இவ்வளவு அழகிய கரை ஆளரவமின்றி வீணாகக் கிடக்கிறது.' கடைசியில் சின்ன எழுத்தில்: 'யோசனை: எம்.ஐ. முபீன், பிராந்திய ஊடகவியலாளர்.'

படமும் அவனுடையது, வரியும் அவனுடையது.

பலகைக்குப் பக்கத்திலேயே அவனுடைய மச்சான், மூத்த சகோதரி சரீபாவின் கணவர் கலந்தரின் ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை. கடலுக்குள்ளிருந்து இரண்டு கயிறுகள் வந்தன. ஒவ்வொரு கயிற்றிலும் பதினைந்து பதினாறு பேர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து சாய்ந்து நடந்தார்கள். வடக்குக் கயிறு பலகையின் குழாயில் வந்து முட்டியது. முட்டிய இடத்தில் ஒவ்வொருவரும் ஒரு கையை எடுத்து, குழாயைச் சுற்றி வந்து, மறுபடி கயிற்றைப் பிடித்தார்கள். பலகை நேற்று நட்டது. அதற்குள் அவர்கள் அதைச் சுற்றி இழுக்கப் பழகிவிட்டார்கள்.

முபீன் வந்த வழியே திரும்பினான். யாரும் தன்னைக் காணவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

போன வருஷம் 'வளரும் நகரத்துக்கு ஒரு யோசனை' என்று நகர அபிவிருத்தித் திட்டக் கந்தோர் ஒரு போட்டி வைத்தது. குப்பை, வாகன நெரிசல், பெருநாட் சந்தை என்று பலரும் எழுதினார்கள். முபீன் கடற்கரையை எழுதினான், அதுவே தெரிவானது. நடைபாதை, பெண்கள் உட்காரத் தனியான இடம், பெருநாளுக்குப் பட்டப் போட்டி, கயிறிழுத்தல், புத்தகச் சந்தை. அந்தப் புத்தகச் சந்தைக்காகத்தான் முழுவதையும் எழுதினான் என்றுகூடச் சொல்லலாம். படம் எடுக்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றுதான் கடை பூட்டு. ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறு தின்று, நாலு மணிக்குப் போனான். படத்தின் இடது மூலையில் கலந்தரின் தோணி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அது அழகைக் கெடுக்கிறதென்று இரண்டடி வலப்பக்கம் தள்ளி நின்று எடுத்தான்.

வெள்ளிக்கிழமை இந்தக் கரையில் தோணி இறங்காது. வலை வாடிக் கொட்டிலுக்குள் மடித்துக் கிடக்கும். மற்ற ஆறு நாளும் கயிறு பிடிக்கிற கைகள் அன்று வெள்ளைச் சாரனும் தொப்பியுமாகப் பள்ளிவாசலில் இருக்கும். இது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். முபீனுக்குத் தெரியாதா? ஆனாலும் அன்று அந்த மணலில் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. வெறுங்கரையைக் கண்டான், வெறுங்கரை என்று எழுதினான். பொய் எழுதவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அது உண்மை. இதை எத்தனையோ தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தான்.

அடுத்த நாள் கந்தோருக்குப் போனான். இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்பவள் ஸம்றா, இறக்காமத்துப் பிள்ளை, வயற்காரக் குடும்பம். பல்கலைக்கழகம் முடித்து இரண்டு வருஷமாக இங்கே உத்தியோகம். அவனைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"வாங்க நானா. நானே கோல் எடுக்க இருந்தன். பலகை பார்த்தீங்களா?"

"பார்த்தன். தங்கச்சி, அந்தப் படம் வெள்ளிக்கிழமை எடுத்தது."

"ஓம். அதுக்கென்ன?"

"வெள்ளிக்கிழமை அங்க வலை இழுக்கிற இல்ல. மத்த ஆறு நாளும் முப்பது நாப்பது பேர் நிப்பாங்க. அது கரைவலைப் பாடு. எங்கட மச்சான்ட."

பாடு என்றால் ஒரு வலைக்கென்று ஒதுக்கிய கரைத்துண்டு என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது வேறு.

"ஏன் வெள்ளிக்கிழமை இழுக்கிற இல்ல?"

"ஜும்ஆ நாளே."

"எங்கட ஊரில ஜும்ஆ நாளும் வயலுக்குத் தண்ணி கட்டப் போவாங்க. தொழுதுட்டு வந்து மறுகாவும் போவாங்க. கடலுக்கு மட்டும் என்ன?"

அவன் வாப்பா போகவில்லை, வாப்பாவின் வாப்பாவும் போகவில்லை. ஏனென்று யாரும் கேட்டதில்லை.

ஸம்றா அலுமாரியிலிருந்து ஒரு பைலை எடுத்து விரித்தாள். இடத்தைப் பார்வையிட அதிகாரிகள் வந்த திகதி இருந்தது. பொதுமக்கள் வேலையில்லாத நாளில் வந்து கலந்துகொள்ளட்டும் என்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வைத்திருந்தார்கள். காலை பத்து மணி.

"நானும்தான் போனன். ஒரு குருவி இல்ல அங்க. நீங்க எழுதினது சரிதான் எண்டு எல்லாரும் சென்னாங்க."

அடுத்த தாளைப் புரட்டினாள். ஆட்சேபனை இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்கும்படி விட்ட அறிவித்தல். அதன் பின்னால், அதைப் பிரசுரித்ததற்குச் சாட்சியாக, 'கரையோரச் செய்தி'யின் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தார்கள். இரத்ததான முகாமுக்கும் சமையல் போட்டிக்கும் நடுவில் அவனே போட்டது. கலந்தருக்கு முகநூல் இல்லை. ஒரு சாதா போன் மட்டும்தான், அதுவும் வாடியில் ஆணியில் தொங்கும்.

"சும்மா எழுப்பயில்ல நானா. தெற்கால எழுநூறு மீற்றர் தள்ளி வேற பாடு குடுத்திரிக்கி."

"அங்க கடலரிப்புக்குக் கல்லுக் கொட்டினாங்க. வலை போட்டாக் கிழியும்."

"கல்லு கரையிலதானே?"

"கொட்டினது கரையில. அலை இழுத்து நெறயக் கல்லு தண்ணிக்குள்ள கிடக்கு. வெளியால தெரியாது."

"வெளியால தெரியாதத நான் எப்பிடி எழுதுற?"

ஏளனமில்லாமல்தான் கேட்டாள். வழியிருந்தால் சொல்லுங்கள் என்பதுபோல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒரு கடிதம் தாங்க," என்றாள் கடைசியில். "பைல்ல போடுறன். ஆனா இது கொழும்பில முடிஞ்ச வேல. வேலி கட்டக் கொந்தராத்தும் குடுத்தாச்சி."

அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதிக் கொடுத்தான். அவள் திகதி முத்திரை குத்திப் பைலின் கடைசியில் கோத்தாள். மூலப் பைல் கொழும்புக்குப் போய்விட்டது, இங்கிருக்கும் பிரதியில்தான் அது சேர்கிறது என்பது இருவருக்கும் தெரியும். அவன் எழுந்தபோது அவள் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்:

"திறப்பு விழாவுக்கு என்னென்ன வைக்கலாம் எண்டு ஒரு பக்கம் எழுதித் தருவீங்களா நானா? நீங்க எழுதினா மேல விரும்புறாங்க."

அன்று பின்னேரம் தன் பக்கத்தில் 'ஒரு திருத்தம்' என்று தலைப்பிட்டு எழுதினான். அந்தக் கரை வெறுங்கரையல்ல, தான் எழுதியது பிழை, படம் வெள்ளிக்கிழமை எடுத்தது என்று. யோசனையை அறிவித்த நாளில் இரண்டாயிரம் பேர் பகிர்ந்தார்கள். திருத்தத்துக்குப் பதினொரு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். கீழே எழுதியிருந்தார்கள்: 'நீங்கதானே சென்ன யோசனை, இப்ப என்ன?' 'வளர்ற ஊருக்குக் குறுக்கால நிக்காதீங்க.' கலந்தர் யாரென்று தெரிந்த ஒருவர், 'மச்சானுக்காக எழுதுறார், வேறொண்டுமில்ல' என்று எழுதியிருந்தார். அதற்கு மட்டும் நூற்றுக்கு மேல் சிரிப்புகள்.

இரண்டு நாள் ராத்தா வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தான். மூன்றாம் நாள் ராத்தா சரீபாவே கோல் எடுத்து, "சோறு திங்க வா," என்றாள். போனான். கலந்தர் முற்றத்துக் கதிரையில் பனியனோடு இருந்தார். சரீபா சோறு வைத்தாள், மீன் வைத்தாள், எதிரில் நின்றுகொண்டாள்.

"ஒன்ட பேரப் போட்டிரிக்காமே, பலகையில."

"ஓம் ராத்தா."

"இனிசலோடயா?"

"ஓம்."

"வாப்பாட பேரும் வருமே அப்ப," என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

அவன் தின்று முடித்தான். பிளேன்டி வந்தது. அதைப் பாதி குடித்துவிட்டுக் கலந்தர் தொண்டையைச் செருமினார்.

"கயிறிழுக்கிற போட்டி வைக்கப்போறியாமே."

முபீன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கட ஆக்களும் சேரலாமா? பழகின கை. பரிசு எங்களுக்குத்தான்."

"மச்சான், நான் கடிதம் குடுத்திரிக்கன்."

"அறிஞ்சன். நல்ல கடிதமாம்." கோப்பையைக் கீழே வைத்தார். "நான் ஒனக்கு ஏசல்ல முபீன். படம் எடுக்கப் போறன் மச்சான் எண்டு ஒரு வார்த்த கேட்டிரிக்கலாம். வியாழக்கிழமை வா எண்டு சென்னிருப்பன். அவ்வளவுதான்."

ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஏச்சுக்கு ஏதாவது பதில் இருக்கும்.

"தெற்குப் பாட்டில ஒருக்காப் போட்டுப் பார்க்கலாம்தானே," என்றான்.

"முந்தாநாள் போட்டன். வலைட மடி கிழிஞ்சி மீன் போயிட்டு. வல தைக்கலாம், கல்லத் தைக்கேலா." கொஞ்சநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேலி வெள்ளிக்கிழமை கட்டுறாங்களாம். கொந்தராத்துக்காரன் சென்னான். அண்டைக்கு ஒருத்தரும் நிக்கமாட்டாங்க, வேல லேசா நடக்கும் எண்டு."

இருவரும் சிரிக்கவில்லை.

"வியாழன் காலையில கடைசி வல. வந்து ஒரு படம் எடு. ஆக்கள் நிக்கிற மாதிரி. பேப்பர்ல போடத் தேவல்ல. பாடு எங்கட எண்டதுக்கு எங்கிட்ட ஒரு படமும் இல்ல."

வியாழன் காலை ஏழு மணிக்கு முபீன் கரையில் நின்றான். வேலிக்கான குழாய்களைப் பலகையின் அடியில் அடுக்கி வைத்திருந்தார்கள். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்திருந்தது. கயிறுகளில் ஆள் குறைவு. எண்ணிப் பார்த்தான், வடக்குக் கயிற்றில் ஒன்பது பேர். மற்றவர்கள் எங்கே என்று கேட்குமுன்பே ஒருவன் சொன்னான், "நாளைக்கு வேலி கட்டுற வேலைக்குச் சேர்ந்துட்டாங்க. இண்டைக்குக் குழி வெட்டப் பயிற்சியாக்கும்."

படம் எடுக்கப் போனை வெளியே எடுத்தான்.

"போனப் பைக்குள்ள வை," என்றார் கலந்தர். "கயித்தப் புடி. வல நிக்கிது."

பிடித்தான். சின்ன வயதில் பிடித்தது. அதன் பிறகு இல்லை. ஈரக்கயிறு உள்ளங்கையை அறுத்தது. முன்னால் நின்றவரின் காலடியில் கால் வைத்து, அவர் சாயும்போது சாய்ந்து, பின்னால் பின்னால் போனான். பலகையின் குழாய் வந்தது. ஒரு கையை எடுத்து, சுற்றி, மறுபடி பிடித்தான். நிமிர்ந்தபோது தன் பெயர் தலைக்கு மேலே தெரிந்தது. நின்று பார்க்க முடியவில்லை. கயிறு அவனை இழுத்துக்கொண்டு போனது.

எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. மடி கரையேறியபோது வெயில் சுட்டது. சூடை, கொஞ்சம் கீரிமீன், நாலைந்து பாரைக்குட்டி. ஆட்கள் சூழ்ந்தார்கள், பெட்டிகள் நிறைந்தன, மீராசாஹிபு தன் பங்கை அள்ளிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். வலையைச் சுருட்டி ட்ரக்டர் பெட்டியில் ஏற்றினார்கள். தோணியையும் அதன் பின்னால் கட்டினார்கள், சரீபா வீட்டு வளவுக்குக் கொண்டுபோக. மற்றவர்கள் கலைந்து போனார்கள். முபீன் கடலில் இறங்கிக் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். உப்புத் தண்ணீர் கொப்புளங்களில் எரிந்தது.

நிமிர்ந்து திரும்பியபோதுதான் படம் நினைவுக்கு வந்தது. ஈரக்கையைச் சாரனில் துடைத்துப் போனை எடுத்துக் கரை நெடுகப் பிடித்தான். திரையில் வெண்மணல். நீலக்கடல். ஒரு காகம்கூட இல்லாத நீண்ட கரை. இடது மூலையில் தோணி நின்ற இடத்தில் மணல் மட்டும் கொஞ்சம் பள்ளமாகக் கிடந்தது.

விரல் அழுத்தவில்லை. போனைத் தாழ்த்தினான்.

"எடுத்தியா?" என்று ட்ரக்டரின் மேலிருந்து கலந்தர் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஓம் மச்சான்," என்றான் முபீன்.

கலந்தர் தலையை ஆட்டிவிட்டுச் சாரதியின் முதுகில் தட்டினார். ட்ரக்டர் மணலில் ஒருதரம் திணறி, றோட்டில் ஏறியது.