பெயர் நீக்கம்

ஆய்வுக்கூடத் தட்டில் முளைத்திருந்ததைப் பார்த்ததும், தன் கையில்தான் ஏதோ தவறு என்று ஷர்மினி நினைத்தாள். வெள்ளிக்கிழமை அவள் அந்தக் கிருமிகளைக் கொன்றிருந்தாள். கொன்றதற்குப் படமும் இருந்தது. நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றி வளர்த்த பாக்டீரியாக்கள் அவை. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரம் அடங்கும் அளவு நுண்ணிய வெள்ளித் துகள்களை அவற்றின் மேல் விட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தால், நுண்ணோக்கியில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் கறுப்பு வட்டம் மட்டும் மிஞ்சும். இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் கறுப்பு. அந்த ஜோடிப் படத்தைத்தான் ஆய்வை நடத்திய டாக்டர் ரூபேந்திரன் போகிற கருத்தரங்கிலெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அதை வைத்து, அவள் பெயரும் சேர்த்து ஐந்து பேர் பெயரில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவரக் காத்திருந்தது. சர்க்கரை நோயாளிகளின் புண்ணுக்கு வெள்ளித் துகள் பூசிய கட்டுத்துணி செய்ய ஒரு கம்பெனியும் முன்வந்திருந்தது.

அந்தச் செத்த திரவத்தில் ஒரு சொட்டை, எதுவும் முளைக்காத தட்டின் படம் ஒன்று கோப்பில் வைக்க வேண்டுமே என்றுதான் ஊட்டக்கூழில் தடவி வைத்திருந்தாள். திங்கட்கிழமை வந்து திறந்தால், கஞ்சி தெறித்த மாதிரி தட்டு முழுக்க வெள்ளைப் பொட்டுகள். மறுபடி செய்தாள். மூன்றாம் முறையும் செய்தாள். பிறகு கிருமியே இல்லாமல், அந்த ஒளிரும் புரதத்தை மட்டும் தனியே எடுத்து அதில் வெள்ளியைச் சேர்த்துப் பார்த்தாள். அதுவும் மங்கியது. வெள்ளி கொஞ்சத்தைக் கொன்றது உண்மைதான். மீதியில் அது வெளிச்சத்தை மட்டுமே அணைத்திருந்தது. விளக்கு அணைந்த வீட்டைப் பார்த்து, உள்ளே ஆளில்லை என்று இவர்கள் எழுதிவிட்டார்கள்.

ரூபேந்திரன் அவளுக்கு வெறும் மேலதிகாரி மட்டுமல்ல. பட்டம் வாங்கி மூன்று வருடம் வேலை கிடைக்காமல் மாசாய் ஊரில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் நின்றவளைக் கூப்பிட்டு ஆய்வு உதவியாளர் ஆக்கியவர். யோங் பெங் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவரின் மகன். அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

"தட்டுல வளர்ந்துச்சுன்னா அது வெளியிலேர்ந்து வந்த கிருமியா இருக்கும்மா" என்றார்.

"மூனு தடவ பண்ணிட்டேன் டாக்டர். வெறும் புரோட்டீன்ல போட்டாக்கூட லைட்டு போயிருது."

அவர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"இந்த டிபார்ட்மென்ட்ல நம்ம தமிழ் ஆளுங்க எத்தன பேருன்னு உனக்கே தெரியும். இந்தப் பேப்பர் விழுந்துச்சுன்னா என் பேரு மட்டுமா போவும்? பின்னாடி வர்ற நம்ம புள்ளைங்களுக்குக் கதவ சாத்துனது நீதான்னு ஆயிரும்."

அது முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவள் அங்கேயே பதில் சொல்லியிருப்பாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்து, மூன்றாம் நாள் போய் நின்று, "அப்படின்னா என் பேர எடுத்துருங்க டாக்டர்" என்றாள்.

அவர் தடுமாறுவார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவரோ, "சரிம்மா. உன் மனசு எனக்குப் புரியுது" என்றார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றுவிட்டதாக அவளுக்கு இருந்தது.

நான்காம் மாதம் கட்டுரை வெளிவந்தது. ஐந்து பெயர் இருந்த இடத்தில் நான்கு. வேறொன்றும் மாறவில்லை. அவள் சோதனைகளை எழுதிய குறிப்பேடு பல்கலைக்கழகத்தின் சொத்து என்று அங்கேயே இருந்துவிட்டது. முளைத்த தட்டுகள் கிருமி அழிக்கும் கொதிகலத்துக்குப் போய்விட்டன. அவள் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்த பதினொரு படங்கள்தான் மிச்சம். பெயர் உள்ளவள் கேள்வி கேட்டால் அது பிரச்சினை. பெயர் இல்லாதவள் கேட்டால் பொறாமை. தன்னைக் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்து, அவருக்கு எதிரான ஒரே சாட்சியைத் தானே அப்புறப்படுத்திக் கொடுத்திருக்கிறோம் என்பது அவளுக்கு விளங்க வெகுநாள் ஆனது. ஒப்பந்தம் முடிந்த அன்று அவர் நற்சான்றிதழ் ஒன்று எழுதிக் கொடுத்தார். 'நேர்மையானவர்' என்று அதில் இருந்தது. அதைக் காட்டித்தான் பாசிர் கூடாங்கில் ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை வாங்கினாள்.

ஒன்றரை வருடம் கழித்து அவள் அப்பா ஐயாசாமிக்கு மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் கணுக்காலில் பட்டுச் சுட்டது. பதினெட்டு வருடச் சர்க்கரை. சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. காலுறை ஒட்டிக்கொண்டபோதுதான் பார்த்தார். ஒரு வாரமாகக் களிம்பு தடவக் கிளினிக்குக்குப் போய்வந்தவர், அன்று புதிதாக ஒரு சாம்பல் நிறக் கட்டோடு வாசலில் நின்று சிரித்தார்.

"இன்னும் கடைல விக்கலையாம், சோதிச்சுப் பாக்குறாங்களாம். பழைய களிம்ப நிறுத்தச் சொல்லிட்டாங்க. நான் தாள்ல சைன் போட்டுட்டேன். நர்ஸ் மிஸ்ஸிகிட்ட சொன்னேன்லா, இது என் மக வேல செஞ்ச சாமான்னு."

நீட்டிய தாளில் அந்த ஜோடிப் படம் இருந்தது. பச்சை. கறுப்பு. அவள் எடுத்த படம்.

அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப உன் பேரு இதுல இல்ல?"

"இல்லப்பா. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"பேர எடுத்துட்ட" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "மருந்த எடுக்கலியே."

அவள் பாத்திரத்தில் உப்புநீர் கொண்டுவந்து கட்டைப் பிரித்தாள். நாற்றம் முதலில் வந்தது. புண்ணின் விளிம்பு மஞ்சளாக இளகிப்போயிருந்தது. அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. காலில் என்ன இருக்கிறது என்பதை அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள முயன்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அங்க என்கூட பன்னெண்டு பேரு உக்காந்திருந்தாங்கம்மா" என்றார். "ஒரு மலாய்க்காரம்மாவுக்கு ரெண்டு காலும்."

காலையில் ரூபேந்திரனைக் கூப்பிட்டாள். அவர் நலம் விசாரித்தார். அப்பாவின் காலைப் பற்றிச் சொன்னதும் உண்மையாகவே வருந்தினார். வேறு நல்ல மருத்துவர் ஒருவரின் எண்ணைத் தருவதாகச் சொன்னார். அதே கட்டோடு கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களின் கால் என்ன ஆவது என்று அவள் கேட்டாள்.

"அது உன் பேப்பர் இல்லியேம்மா" என்றார், முன்பு போலவே மென்மையாக.

வேலைக்கு விடுப்புச் சொன்னாள். போகும் வழியில் ஒரு கடையில் பதினொரு படங்களையும் அச்செடுத்து உறையில் போட்டுக்கொண்டு, அப்பாவை அரசு மருத்துவமனையில் இறக்கிவிட்டுத் தனியாக அந்தக் கிளினிக்குக்குப் போனாள். முகப்பில் இருந்த பெண் அவள் கையிலிருந்த உறையைப் பார்த்து, மருந்து விற்க வந்தவளோ என்று கேட்டாள். டாக்டர் பத்து மணிக்குத்தான் வருவார், உட்காருங்கள் என்றாள்.

உட்கார இடமில்லை. சுவரோரம் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்காலிக்கு முன்னால் நீட்டிய கால்கள். பாதத்தில், குதிகாலில், கணுக்காலில், எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கட்டு. கடைசி நாற்காலியில் அமர்ந்திருந்த வயதான மலாய்க்கார அம்மா, தன் இரண்டு கால்களையும் பக்கத்து நாற்காலியின் மேல் வைத்திருந்தார். ஷர்மினி நின்றுகொண்டிருப்பதைக் கண்டதும், வா வந்து உட்கார் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். பிறகு, அடுத்த வீட்டுக்காரரின் சாமானைத் தூக்குவது போல, இரண்டு கைகளாலும் பிடித்து முதலில் ஒரு காலை இறக்கித் தரையில் வைத்தார். மற்றக் காலுக்காகக் குனிந்தார்.