ஒரு ஆள் தூக்கும் கூரை

அந்தக் கூரையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பது மனைவி போன பிறகுதான் ஃபிட்டருக்குத் தெரிந்தது.

சொன்னால் பட்டறையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் தலை நரைக்கிற வரை வேலை பார்த்தவர் அவர். கதவோ, ஜன்னலோ, லக்கேஜ் மூடியோ, எதைப் பொருத்தினாலும் கண்டக்டர் ஒரு கையில் பையோடு நின்று மறு கையால் இதைத் திறக்க முடியுமா என்று கேட்டுக் கேட்டே கூட இருந்தவர்களின் உயிரை எடுத்தவர். அவரே தன் சொந்த வண்டிக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்கத் தோன்றவே இல்லை.

வண்டி ஒரு பழைய பிக்கப். பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் மேல் ப்ளைவுட்டில் ஒரு பெட்டி கட்டியிருந்தார். உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், கட்டிலுக்கு அடியில் இழுப்பறைகள், கதவோரம் அடுப்பு வைக்க ஒரு பலகை. ஓடும்போது பெட்டி அடக்கமாக உட்கார்ந்திருக்கும். நிறுத்திய இடத்தில், தலையிலிருந்து தொப்பியைத் தூக்குவதுபோல் கூரையைத் தூக்கினால் நாலு பக்கமும் மடிந்து கிடந்த கேன்வாஸ் விரிந்து சுவராக நிற்கும். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். நாலு மூலையிலும் குழாய்க்குள் குழாய். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று ஒரே சமயத்தில் தூக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் போதும், மறுபக்கக் குழாய் கடித்துக்கொண்டு அசையாது.

அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் நடந்துவந்தது. போர்வை மடிப்பதானால் ஆளுக்கு இரண்டு முனை. பீரோவை நகர்த்துவதானால் ஆளுக்கு ஒரு தோள். அவளும் அதே பட்டறைக்காரிதான், சீட் தைக்கும் பிரிவில். அவர் கட்டிய கூண்டுக்குள் அவள் தைத்த சீட் போகும். அப்படித்தான் கல்யாணமும் ஆனது. கூரையைத் தூக்கும்போது இருவரும் எண்ணுவதுகூட இல்லை. எப்படியோ நாலு கையும் சேர்ந்து எழும்பும். வாசலில் வைத்து எத்தனையோ தரம் தூக்கி இறக்கிப் பார்த்தார்கள். உள்ளே உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒரு தரம்கூட, தனியாகத் தூக்கினால் என்ன ஆகும் என்று இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வண்டி யோசனையே அவளுடையது. "ஊர் ஊராப் போற சீட்டையெல்லாம் நான்தான் தைக்கிறேன். நான் உக்காந்து போறது பட்டறை வாசல் வரைக்கும்தான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். எங்கே போகலாம் என்று கேட்டால், தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்துப் போவோம் என்பாள். அதற்கு மேல் திட்டம் கிடையாது. கேன்வாஸ் முழுக்க அவளே தைத்தாள். மழை இறங்காதபடி ஓரம் மடித்து இரட்டைத் தையல், தையல் ஓட்டைகளில் மெழுகு. ஜன்னலுக்குக் கொசுவலை, அதை மூட ஜிப். முடிந்தது கிளம்பலாம் என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு இன்னொரு பை, இன்னொரு திரை தைக்கத் தோன்றும். அவள் முடித்துவிட்டேன் என்றால் இவருக்கு இன்னொரு இழுப்பறை தோன்றும். அப்படியே ஒத்திப் போட்டார்கள். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது, காய்ச்சல் வேறு ஏதோ ஆனது, ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. வண்டி வாசலில் நின்ற இடத்திலேயே நின்றது.

மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடையது அடுக்குமாடி வீடு. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் காரே குனிந்துதான் போக வேண்டும். பெட்டி வைத்த பிக்கப்புக்கு அங்கே இடமில்லை. வருவதானால் வண்டியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒரு தடவையாவது அதில் போய்ப் படுத்துவிட்டு வருகிறேன் என்றார் அவர். தனியாகக் கூரையைத் தூக்க முடியவில்லை என்பதையும் சொல்லித் தொலைத்துவிட்டார்.

"அப்பா, தூக்க முடியலைன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எப்படிப் போவீங்க?" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை.

உண்மையில் எல்லாம் செய்து பார்த்திருந்தார். ஒரு பக்கத்தைத் தூக்கிக் கட்டை கொடுத்துவிட்டு ஓடிப்போய் மறுபக்கத்தைத் தூக்கினார், குழாய் கடித்தது. கார் ஜாக்கியை உள்ளே நடுவில் வைத்து ஏற்றினார். ப்ளைவுட் முனகியது, கூரை ஒருக்களித்து நின்றுவிட்டது. சுத்தியலால் தட்டித் தட்டி இறக்குவதற்குள் கை இரண்டும் மரத்துப் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான், மனைவியின் தம்பி. அக்கா இருந்தபோது வந்ததைவிட இப்போது அடிக்கடி வருகிறான். வந்தால் என்ன பேசுவதென்று தெரியாமல் ஏதாவது வேலை கேட்பான். கூரையைக் காட்டியதும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஒரு பக்கம் போய் நின்றான். இருவரும் தூக்கினார்கள். கடித்தது. இறக்கிவிட்டு மறுபடி தூக்கினார்கள். மறுபடி கடித்தது. ஒன்று இரண்டு மூன்று என்று மச்சான் எண்ணிப் பார்த்தான். இவர் மூன்றில் தூக்கினார், அவன் மூன்று சொல்லி முடித்த பிறகு தூக்கினான்.

"அத்தான், இதுக்கு நான் ஆள் இல்லை. அக்காவும் நீங்களும் என்னமோ மந்திரம் போட்டுத் தூக்கியிருக்கீங்க" என்றான் மூச்சு வாங்க. பிறகு, "பேசாம மேல நிறுத்தி வெல்ட் வெச்சிடுங்க. போற வழியில பாலம் இடிச்சா அப்போ பாத்துக்கலாம்" என்றான்.

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, வண்டியைக் கேட்டு யாராவது வந்தால் சொல்லட்டுமா என்று மெல்லக் கேட்டான். இன்னும் கொஞ்சம் பொறு என்றார் ஃபிட்டர்.

வழி ஒன்று இருந்தது. அவருக்கு அது முதல் வாரமே தெரியும். நேராக மேலே தூக்குவதை விட்டுவிட வேண்டும். கூரையின் முன் விளிம்பில் கீல் வைத்து, பின் விளிம்பை மட்டும் தூக்க வேண்டும், பெட்டி மூடியைத் திறப்பதுபோல. உள்ளே குனிந்து நின்று முதுகால் ஒரு தள்ளு. பஸ்ஸின் லக்கேஜ் மூடியைத் தாங்கும் கேஸ் தண்டு இரண்டு பொருத்தினால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஒரு ஆள் போதும். ஆனால் கூரை சாய்ந்து நிற்கும். பக்கத் துணி இரண்டையும் மூலைக்கு மூலை குறுக்கே வெட்ட வேண்டும். முன்பக்கத் துணி வேண்டவே வேண்டாம், ஜன்னலோடு போய்விடும். அவள் தைத்ததில் பின்பக்கம் ஒன்றுதான் முழுசாக மிஞ்சும். தெரிந்தும் அவர் ஜாக்கியோடு மல்லுக்கட்டியது அதனால்தான்.

கேன்வாஸைக் கழற்றி மடித்துப் பட்டறைக்கு எடுத்துப் போனார். அவளுடைய மெஷினில் இப்போது உட்காருகிற பெண், அவளிடமே தொழில் பழகியவள். சொன்னதையெல்லாம் கேட்டாள். துணியைப் புரட்டி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"தைக்கச் சொல்லுங்கண்ணே, எவ்வளவு வேணாலும் தைக்கிறேன். அக்கா தையல்ல என்னைக் கத்திரி வைக்கச் சொல்லாதீங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுத் துணியை விரித்தார். தகடு வெட்டித்தான் அவருக்குப் பழக்கம். மூலைக்கு மூலை நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோடு போடும்போதே துணி நகர்ந்தது. அதற்குத் தகட்டின் குணம் இல்லை. கடைசியில் அடியில் ஒரு ப்ளைவுட் பலகையைப் போட்டு, ஓரம் முழுக்கச் சின்ன ஆணி அடித்து அதை அசையாமல் நிறுத்தினார். பிறகு கத்திரியை வைத்தார். நடுவில் சரசரவென்று போயிற்று. ஓரத்தில் இரட்டைத் தையலுக்கு வந்ததும் நின்றது. மடிப்பு, மடிப்புக்குள் மடிப்பு, மெழுகு. கத்திரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வாசலுக்குப் போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பி வந்து இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். வெட்டிய இடத்தில் மெழுகுத் தூள் உதிர்ந்தது. மறுபக்கத் துணியை வெட்டும்போது யோசிக்கவில்லை. யோசித்தால் முடியாது என்று தெரிந்துவிட்டது.

திரும்பக் கொண்டுபோனதும் பட்டறைப் பெண் துணியின் ஓரத்து ஆணி ஓட்டைகளைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். "துணிக்கு ஆணி அடிச்ச ஆளு உலகத்துலயே நீங்கதான்" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் தைத்தும் கொடுத்தாள். கீல் இடுக்கை மூட ஒரு ரெக்சின் பட்டி தைத்துத் தரவா என்று கேட்டதற்கு, அதெல்லாம் பசை போட்டு ஒட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். தன் கைவேலை என்று ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்ற வீம்பு.

கீலும் தண்டும் பொருத்தி முடித்ததும் கூரை முதல் தள்ளிலேயே எழும்பியது. இவ்வளவு சுலபமாக எழும்பும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கேஸ் தண்டு 'புஸ்' என்று மூச்சு விட, தலைக்கு மேல் வெளிச்சம் விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. சொல்ல ஆள் இல்லாததால் மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவன், அப்போ இனிமே என்னைக் கூப்பிட மாட்டீங்க, அப்படித்தானே என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

அந்த வாரமே கிளம்பினார். பாதி நாள் ஓட்டி ஓர் ஏரிக்கரையில் நிறுத்தினார். பெரிய ஏரி, அக்கரை புகைபோலத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு காரில் வந்த புருஷன் பெண்டாட்டி கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெட்டிக் கதவைத் திறந்து உள்ளே குனிவதைப் பார்த்து அந்த ஆள் ஓடி வந்து, "ஒரு கை குடுக்கட்டுமா சார்?" என்றான்.

"வேண்டாம் தம்பி. இதுக்கு ஒரு ஆள் போதும்."

வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு ஒரு நிமிஷம் குனிந்தபடியே நின்றார். பிறகு முதுகைக் கொடுத்தார். அந்த ஆள் வியந்துபோய்க் கேட்க, கீல், தண்டு, சாய்வு எல்லாவற்றையும் விளக்கினார். துணி எங்கே வாங்கியது என்றதற்கு, வீட்டில் தைத்தது என்றார். இருட்டுவதற்குள் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். வீட்டில் படுப்பதுபோலவே, பாதிக் கட்டிலில்.

விடிகிற நேரத்தில் மழை வந்தது. நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து எழுப்பியது. கையை நீட்டித் தடவினார். கூரை முன்பக்கம் சாய்ந்திருந்ததால் தண்ணீர் முழுக்கக் கீல் பக்கம் ஓடி வந்து, அவர் ஒட்டிய பட்டியின் முனையைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. தலையணை ஊறிவிட்டது. பக்கத் துணியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. பின்பக்கமும் அப்படியே. வெட்டிய ஓரம்கூட ஒரு பொட்டு விடவில்லை.

அடுப்புக்கு வைத்திருந்த சட்டியைச் சொட்டுக்கு அடியில் வைத்தார். திரும்பிப் படுக்கப் பார்த்தால் அந்தப் பாதியில் இடமில்லை, சட்டி இருந்தது. மற்ற பாதி உலர்ந்து கிடந்தது, விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வீட்டுக் கட்டிலில் இத்தனை மாதமாக அவர் கை காலைக்கூட நீட்டாத பக்கம் அது. சிறிது நேரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு சட்டியில் விழும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். மழை விடுவதாக இல்லை. பிறகு போர்வையை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்து அந்தப் பக்கம் படுத்தார்.