பூக்க விட்ட முஜாஜா

நம்போஸே குனிந்து இன்னொரு பூசணிப் பிஞ்சைப் பொறுக்கினாள். இதுவும் வெம்பி விழுந்ததுதான். இந்தப் பருவம் வாழை கைவிட்டுவிட்டது. அடுத்த மழை வரை அடுப்பில் பானை ஏறப் பூசணியைத்தான் நம்பியிருந்தாள். கணவன் முலிந்துவா இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து தோட்டம், அடுப்பு, கட்டில் எல்லாம் அவள் தலையில்தான்.

இலை தின்னும் வண்டுக்குப் பயந்து, விடிந்ததும் சாம்பலும் இடித்த மிளகாயும் கொடி முழுக்கத் தூவுவாள். பாத்தியோரம் வேலிபோல முஜாஜாச் செடி நின்றது. துளசிக்கு அக்காள் மாதிரி வாசம், வண்டுக்கு ஆகாது. அதன் கதிரை மட்டும் மாலைதோறும் கிள்ளிவிடுவாள். பூத்துவிட்டால் இலை கசக்கும். முஜாஜாத் தேநீர் இல்லாமல் முலிந்துவாவுக்கு மாத்திரை இறங்காது.

"பாடுபட்டதுக்கு நன்றி, நம்போஸே." ஊர் வழக்கப்படி சொல்லிக்கொண்டே நெருப்பு வாங்க வந்தாள் பக்கத்துத் தோட்டக்காரி. இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் எல்லோருக்கும் அவள் நாலோங்கோ.

"பாடுபட்டு என்ன, நாலோங்கோ. வண்டையும் காணோம், ஒரு பிஞ்சும் தங்கலை."

"தேனீயைக் கண்டியா? விடியறப்பதான் பூ வாயைத் திறக்குது. நீ அது வாயில மிளகாயைப் போடுற. திருடனை விரட்டுறேன்னு மாப்பிள்ளையையும் விரட்டிட்டியே."

நம்போஸேவுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

"தூளைத் தண்டடியில மட்டும் போடு. முஜாஜாவைப் பூக்க விடு. அதுக்கு வர்ற தேனீ இதுக்கும் வரும்."

"அப்ப அவரு தேநீரு?"

உள்ளேயிருந்து முலிந்துவாவின் குரல் வந்தது. "பூக்கட்டும் விடு. வெந்நீர் குடிச்சா செத்துடமாட்டேன்."

"நேத்து மாத்திரையைத் துப்பினது யாராம்?"

"அது நேத்து."

அன்றிலிருந்து அவன் முகத்தைச் சுளித்தாலும் மாத்திரையை வெந்நீரில் விழுங்கினான். முஜாஜா கதிர்விட்டு வெள்ளையாய்ப் பூத்தது. பாத்தியில் மெல்லத் தேனீ இரைச்சல் கூடியது. எல்லாப் பிஞ்சும் நிற்கவில்லை; ஆனால் நின்றவை பிடித்துக்கொண்டு பருத்தன. கடவுள் அளந்துதான் கொடுப்பார், ஆனால் கொடுப்பார்.

ஒரு நாள் காலை வெந்நீரோடு வந்தவள், கணவனுக்குக் கொடுக்கும்போது ஊரில் பெண்கள் செய்வதுபோல மண்டியிடப் போனாள். முலிந்துவா பல்லைக் கடித்துக்கொண்டு காலை ஒதுக்கிக் கட்டிலில் இடம்விட்டான்.

"முட்டி போடாத. இப்படி உக்காரு."

"பூசணி நின்னுடுச்சுங்க. மழை வரைக்கும் ஓட்டிடலாம்..." சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்தவள், அப்படியே கண் அயர்ந்துவிட்டாள்.

அவனுக்கு இடுப்பு விண்ணென்று தெறித்தது. அவள் விழித்துவிடுவாளே என்று அசையாமல் கிடந்தான்.