திங்கட்கிழமை நண்பகல் சங்கு

பார்லோ மாவட்டத்தின் சூறாவளி வரலாற்றை எழுதும் பொறுப்பு டெல்மர் யோஸ்ட்டின் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், கூட்டத்துக்கு அவர் பத்து நிமிடம் தாமதமாகப் போனதுதான். மாவட்டத்துக்கு நூற்றைம்பது வயது நிறைகிறது, ஒரு நினைவு மலர் போடலாம் என்று முடிவாகியிருந்தது. அவர் உள்ளே நுழைவதற்குள் தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள், கோதுமை, கூடைப்பந்து என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு விட்டார்கள். மிச்சம் கிடந்தது சூறாவளி.

"நாப்பது வருஷம் தீயணைப்புக் குழுவுல இருந்தவர். உங்களை விட்டா யாரு எழுதுவா?" என்றார் மலர்க்குழுத் தலைவி கார்லிஸ்.

"நான் எழுதினதுலயே பெரிசு, தானியக் கிடங்குல போட்ட லாரி எடைச்சீட்டுதான் கார்லிஸ்."

"அதுவும் சரியா இருந்துச்சுன்னு சொல்ல முடியாது" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். சிரிப்போடு சிரிப்பாகத் தீர்மானம் நிறைவேறியது.

முதல் நூறு வருடங்களை டெல்மர் சுலபமாகவே கடந்தார். 1892-இல் வந்தது மெதடிஸ்ட் தேவாலயத்தின் மணியைத் தூக்கிப் பக்கத்து மாவட்டத்தில் போட்டது. அது தங்கள் மணிதான் என்று அந்த மாவட்டக்காரர்கள் இன்றைக்கும் சாதிக்கிறார்கள். 1917-இல் வந்தது பள்ளிக்கூடத்தை அடித்தளம்வரை வழித்தெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு குழந்தைக்கும் கீறல் இல்லை. 1938-இல் அந்தக் கருணை இருக்கவில்லை. ஒரே குடும்பத்தில் ஐந்து பேர். அந்த ஐந்து பெயர்களையும் எழுதும்போது டெல்மர் பேனாவைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.

பழைய செய்தித்தாள்களைப் புரட்டியதில் ஒன்று தெரிந்தது. எச்சரிக்கை வந்தால் இந்த ஊர்ப் பெண்கள் நிலவறைக்கு ஓடுகிறார்கள்; ஆண்கள் வாசலுக்கு ஓடுகிறார்கள். வானத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. இறந்தோர் பட்டியலில் ஆண்கள் கூடுதலாக இருப்பதற்கு டெல்மருக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை. அவரும் வாசலுக்கு ஓடுகிற ரகம்தான். தப்பித்தது அதிர்ஷ்டம். அறிவுக்கு அதில் பங்கில்லை.

1976-க்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

மூன்று வாரம் அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. அச்சுக்குக் கொடுக்க இன்னும் ஆறு நாள் என்று கார்லிஸ் நினைவூட்டிய அன்று, 1976 சூறாவளியில் கணவரை இழந்த எர்மா அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு கையில், புளிப்பான ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' என்கிற பலகாரம். இன்னொரு கையில் நாலாக மடித்த தாள். எழுபத்து நாலு வயதிலும் முதுகு வளையாத மனுஷி.

"நீ எழுதறியாமே. என் வீட்டு விஷயத்தை நானே எழுதிக் கொண்டாந்துட்டேன். ஒரு எழுத்து மாத்தாமப் போடணும்" என்று தாளை மேசைமேல் வைத்தாள். "பையை இன்னைக்கே தின்னுடு. நாளைக்கு நமுத்துப் போகும்."

அவள் போனபிறகு டெல்மர் தாளைப் பிரித்தார். நாலே வரி.

'அன்று திங்கட்கிழமை. பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. என் கணவர் வெண்டல், கோழிகளின் சத்தமே இல்லையே, வெளியே பார்க்கிறேன் என்று எழுந்தார். அது வாராந்தரச் சோதனைச் சங்குதான், உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று நான் உட்கார வைத்தேன்.'

டெல்மர் பையைத் தொடவில்லை.

ஊருக்குத் தெரிந்த கதை இதுதான்: திங்கட்கிழமைதோறும் நண்பகலில் தீயணைப்புக் கொட்டகைச் சங்கைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். ஒரு நிமிடம் ஊதினால் சோதனை. நிற்காமல் மூன்று நிமிடம் ஊதினால் சூறாவளி. சோதனை என்று பெயர்தானே தவிர, ஊருக்கே அதுதான் சாப்பாட்டு மணி. டிராக்டர்கள் நிற்கும், உருளைக்கிழங்கு அடுப்பிலிருந்து இறங்கும். 1976 மே மாதம் ஒரு திங்கட்கிழமை, சூறாவளி சரியாக அந்த நேரம் பார்த்து வந்தது. எல்லோரும் சோதனை என்று நினைத்தார்கள். வெண்டல் செத்துப்போனார். யார் என்ன செய்ய முடியும்? அதற்குப் பிறகு, வானத்தில் கருமேகம் தெரிந்தால் திங்கட்கிழமைச் சோதனை கிடையாது என்று விதி வந்தது.

ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. சங்கின் பொத்தானில் அன்று கைவைத்திருந்த டெல்மருக்கு மட்டும் அது தெரியும்.

அதற்கு முந்தின வாரம் கொட்டகைக் கடிகாரம் வேகமாக ஓடியதில், இருபத்தாறு வயது டெல்மர் நாலு நிமிடம் முன்னதாகவே ஊதிவிட்டார். ஊர் அவரை ஒரு வாரம் வறுத்தெடுத்தது. "என்ன டெல்மர், அடுத்த வாரம் காலைப் பலகாரத்துக்கே ஊதிடுவியா?" என்று டீக்கடைப் பெஞ்சு மாதிரியான உணவக மேசையில் கேட்காதவர் இல்லை. வெந்தும் வேகாத கிழங்கு ஒன்றை யாரோ கொட்டகை வாசலில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆகவே அந்தத் திங்கட்கிழமை அவர் கடிகாரத்தைத் திருத்தி, அதற்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. ஷெரீஃப் அலுவலகப் பெண். மேற்கே மேகத்திலிருந்து ஏதோ தொங்குவதாக ஒரு விவசாயி சொல்கிறார் என்றாள். டெல்மர் வாசலுக்கு ஓடிப் பார்த்தார். அவர் தலைக்கு மேலே வெயில்.

எப்படியும் மூன்று நிமிடத்தில் ஊதத்தானே போகிறோம் என்று நினைத்தார். பன்னிரண்டுக்குத்தான் ஊதினார், மூன்று நிமிடம் நிற்காமல்.

தொலைபேசியில் பேசிய பெண் அடுத்த வருடமே கல்யாணமாகி ஓரிகன் போய்ச் சேர்ந்தாள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு டெல்மர் எர்மாவின் பண்ணைக்குப் போனார். பழைய அடித்தளத்தின் மேலேயே கட்டின வீடு. சமையலறை அதே இடத்தில். முற்றத்தில் அதே நிலவறை. அவள் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பை எப்படி இருந்துச்சு?"

"திங்கல."

"அப்ப ஏதோ வில்லங்கம்" என்றாள். "உக்காரு."

அவர் உட்காரவில்லை. வழியெல்லாம் நல்ல வாக்கியங்களாகக் கோத்துக்கொண்டு வந்தவருக்கு வாயில் ஒன்றும் தங்கவில்லை. "அந்தத் தாளை நான் போட முடியாது எர்மா. அதுல தப்பு இருக்கு. மூணு நிமிஷம் தப்பு இருக்கு" என்று தொடங்கி, தொலைபேசி, வெயில், கடிகாரம், தொங்கின கிழங்குவரை சொன்னார். கிழங்கைச் சொல்லும்போது தனக்கே வெட்கமாக இருந்தது. ஓர் ஆளின் உயிரும் ஒரு வேகாத கிழங்கும் ஒரே வாக்கியத்தில்.

எர்மா உரிப்பதை நிறுத்தவில்லை. கிண்ணம் நிரம்பியபிறகுதான் நிமிர்ந்தாள்.

"நாப்பத்திமூணு வருஷமாடா இதை வெச்சிருந்தே?"

"ஆமா."

"வாரா வாரம் தேவாலயத்துல எனக்கு முன் வரிசையில உக்காந்துட்டு."

"முன்னாடி உக்காந்தா உங்க முகத்தைப் பாக்க வேண்டியதில்லைன்னுதான்."

அவள் எழுந்து கைகளைத் துடைத்தாள். "கடிகாரம் கட்டியிருக்கியா? வினாடி முள்ளு இருக்கா? நடந்து பாக்கலாம், வா. இந்த மேசையிலேர்ந்து."

மேசையிலிருந்து பின்வாசல், படி, முற்றம், நிலவறைக் கதவு. அவள் முன்னே போக, அவர் ஆபரேஷன் செய்த முட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போனார். கதவைத் தொட்டதும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு வினாடி."

"அதுவும் உன் முட்டியோட" என்றாள்.

கோதுமை வயல்மேல் காற்று போனது.  

"நீ மூணு நிமிஷம் முன்னாடி ஊதியிருந்தாலும், டெல்மரோட கடிகாரம் மறுபடி கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் எர்மா. "சிரிச்சிருப்போம். ஒரு நிமிஷம் ஆகியும் சங்கு நிக்கலன்னதும் சிரிப்பு நின்னிருக்கும். அப்பவும் பன்னிரண்டுக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்திருக்கும்." நிலவறைக் கதவின்மேல் கையை வைத்தாள். "அன்னைக்கும் அப்படித்தான். சங்கு நிக்கலன்னதும் என்னை முன்னாடி தள்ளிட்டு ஓடிவந்தாரு. நான் படியில. அவரு கதவுல. உள்ளேர்ந்து பூட்ட ஒண்ணும் கிடையாது. கையால இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. கதவு போச்சு. அவரும் கூடவே."

"என்னை ரெண்டு வார்த்தை திட்டுங்க எர்மா."

"திட்டறேன். இன்னைக்கே திட்டித் தீத்துட்டா நாளைக்கு என்ன பண்றது?" அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். "என் தாளைப் போடு. உன்னோடதையும் எழுது. ரெண்டும் ஒரே பக்கத்துல வரணும். என்னோடது மேல."

"உங்களோடது எதுக்கு? தப்பு என்னோடது. அதை எடுத்துடறேன்."

"எடுக்காதே. உக்காருன்னு சொன்னது நான்தான். நீ என்ன சொன்னாலும் அது இல்லன்னு ஆயிடாது. ஆனா அது மட்டும் தனியா அங்க நிக்க வேண்டாம். அவ்வளவுதான்."

"சரி. எதுக்கு உங்களோடது மேல?"

"நான்தான் அவருக்குப் பக்கத்துல இருந்தேன்."

அப்போது ஊர்ப் பக்கமிருந்து சங்கு கிளம்பியது. இப்போதெல்லாம் யாரும் பொத்தானை அழுத்துவதில்லை. நீதிமன்றக் கட்டடத்தில் ஓர் இயந்திரம் தானாக ஊதுகிறது. ஒரு வினாடி பிசகாது, யாரும் அதைக் கேலி செய்வதும் இல்லை. வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருந்தது.

எர்மா குனிந்து நிலவறைக் கதவைத் தூக்கினாள். அவள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதைச் செய்கிறாள் என்று ஊர் அறியும். சங்கு நிற்கும்வரை உள்ளே போய் இருப்பாள், பிறகு மேலே வந்து சாப்பிடுவாள். மழையானாலும் வெயிலானாலும் இதுதான். உணவக மேசையில் அதற்கும் ஒரு கேலி உண்டு. அந்தக் கேலிக்கு டெல்மர் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. அதைத் தன் நல்ல குணம் என்று வெகுநாள் நம்பிக்கொண்டும் இருந்தார்.

அவள் நாலு படி இறங்கித் திரும்பிப் பார்த்தாள். டெல்மர் கண்ணை இடுக்கிக்கொண்டு மேற்கு வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"என்ன, வர்றியா? இல்ல யாராவது போன் பண்ணணுமா?"

அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். உள்ளே மண்வாசனை. வரிசையாகப் பழ ஜாடிகள், இரண்டு நாற்காலிகள். பழக்கம் இல்லாததால் கதவைத் தலைக்கு மேலே இழுத்து மூடி, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே சங்கு அலறிக்கொண்டிருந்தது.

இருட்டுக்குள்ளிருந்து எர்மாவின் குரல் வந்தது.

"அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதே டெல்மர். இப்ப உள்ளேயே தாழ்ப்பாள் இருக்கு."

அவர் தடவிப் பார்த்தார். கைப்பருமன் இரும்பு. தள்ளினார். பிறகு மெல்லக் கையை எடுத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.