பல்லாரி மூட்டை தூண்டில் போடாது

"நீரு ஒண்ணரை மூட்டை வே. ஒரு காலைக் கழிச்சிட்டுத்தான் சொல்லுதேன். நான் ரெண்டேகால் மூட்டை. ஆக மொத்தம் நாலு மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி. நாலுன்னே வச்சுக்கிடுவோம்," என்று ரபீக் காரை ஓட்டியபடியே கணக்குப் போட்டார்.

சுரண்டையில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் ரபீக்குக்கு உலகத்தில் எல்லாமே ஐம்பது கிலோ மூட்டைதான். மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில்கூட, "பையன் ஒண்ணேகால் மூட்டை இருப்பான்" என்று சொல்லிவிட்டு வந்தவர்.

பக்கத்து இருக்கையில் இருந்த சண்முகநாதனுக்குச் சிரிப்பு வந்தது. காலைக் கழித்துவிட்டு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஊரில் வேறு ஆள் கிடையாது. மற்றவர்களெல்லாம் "உடம்பு எப்படி இருக்கு அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டுக் கண்ணை எங்கேயோ வைத்துக்கொள்வார்கள்.

"நாலு மூட்டைக்கு மேல மதினி செஞ்சு குடுத்த புளியோதரை இருக்கு. அதையும் சேத்துக்கிடணும்," என்றார் ரபீக்.

"அது கால் மூட்டை வரும்," என்றாள் பின் இருக்கையிலிருந்து சண்முகநாதனின் மனைவி ஜோதிலட்சுமி. "நீங்க ஒரு ஆளு திங்கிறதுக்கு நான் அளந்து போடலை தம்பி."

சண்முகநாதன் மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் கம்பம் ஏறியவர். ஓய்வு பெற்ற மறு வருஷமே சர்க்கரை இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. செயற்கைக் கால் போட்டு நடக்கப் பழகிவிட்டார். அதையும் சமாளித்துவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். போன ஆடியில் சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்களை ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் வினை. ஈரத் தரையில் அந்தக் கால் வழுக்கி, மல்லாக்க விழுந்தார். இருபது பேர் ஓடி வந்தார்கள். இருபத்தோராவது ஆள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்து ஜோதிலட்சுமியிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "இனிமே பத்துப் பேரு முன்னால நான் விழ மாட்டேன்." விழாமல் இருக்க ஒரே வழி எழுந்திருக்காமல் இருப்பது. மேலகரத்து வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஏழு மாதம் உட்கார்ந்துவிட்டார். முடி வெட்டக்கூட ஆள் வீட்டுக்கு வந்தது.

அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரும் ரபீக்கும் இலத்தூர்ப் பக்கம் குளத்தில் தூண்டில் போடுவார்கள். குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த முகம்மது இஸ்மாயில் ரபீக்குக்கு உறவு. தூண்டிலுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். விரால் கிடக்கும் ஆழமான இடம் மதகுப் பக்கம். அங்கே கரை செங்குத்து. மாடு இறங்கும் சரிவில் கார் தண்ணீர் வரைக்கும் போகும், ஆனால் அங்கே முழங்கால் தண்ணீர். அயிரைகூட ஏறெடுத்துப் பார்க்காது.

"கரையில இறங்க முடியலன்னா தண்ணி மேல போவோம் வே," என்று ரபீக் ஒரு நாள் வந்து நின்றார். கைப்பேசியில் கயாக் என்னும் சின்னத் துடுப்புப் படகின் படங்கள்.

அதிலிருந்து ஒரு மாதம் வீட்டில் கயாக் பேச்சுதான். முதலில் ரபீக் காட்டியது நடுவில் பொந்து வைத்த மாதிரி. காலைப் பொந்துக்குள் நீட்டி உட்கார வேண்டும். ஜோதிலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"இது கவுந்தா?"

"கவுராது மதினி."

"கவுந்தா?"

"காலை உருவிக்கிட்டு வெளிய வரணும்."

"ஒத்தைக் காலை ஊன்றி உருவுறதுக்குள்ள விரால் வந்து இவுகளைத் தின்னுட்டுப் போயிரும். மேல உட்காருற மாதிரி இருந்தாக் காட்டுங்க."

அப்படித்தான் பலகைபோல் மூடியிருக்கும், மேலேயே உட்காரும் வகைக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரையும் சாமான்களையும் தாங்க வேண்டும், ஆடக் கூடாது. கொல்லத்தில் விற்கிற சஜீவ் என்பவர் இரண்டு கயாக்குகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாக வருவதாக ஒப்புக்கொண்டார். பார்த்து, மிதக்கவிட்டு, பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம்.

கிளம்புகிறபோது சண்முகநாதன் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். "ஏட்டி, இன்னைக்கு அங்கன விழுந்தேன்னு வையி, அந்தத் தூண்டில எல்லாம் அடுப்புல வச்சிரு. நான் இனி வாசப்படி தாண்ட மாட்டேன்."

"சரி," என்றாள் அவள். ஒரு துண்டையும் மாற்றுத் துணியையும் பையில் வைத்தாள். மாற்றுத் துணி தனக்குத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கார் குளத்துச் சரிவுக்கு வந்தபோது சஜீவ் முன்னாலேயே வந்து காத்திருந்தார். ரபீக்கின் மண்டியிலிருந்து சுமை தூக்கும் மாடனும் குட்டி யானை வண்டியில் பல்லாரி வெங்காய மூட்டைகளோடு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் துணி துவைக்கிறவர்கள், குளிக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் என்று பதினைந்து பேருக்குமேல் கரையில் கூடிவிட்டார்கள். சண்முகநாதன் அவர்களை எண்ணினார். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மாடன் கயாக்கைச் சுற்றி வந்து பார்த்தான். "மொதலாளி, இதுல அடியில ஓட்டை இருக்கு. ஒண்ணில்ல, எட்டு இருக்கு."

"அது வெள்ளம் போகான்," என்றார் சஜீவ். "மேல விழுற தண்ணி ஓட்டை வழி கீழ போகும். உள்ள காத்து அடைச்சிருக்கு, முங்கில்லா."

"ஓட்டைப் படகை வண்டி வச்சுக் கொண்டாந்து விக்கிறது உங்க ஊருக்குத்தான் வரும்," என்றான் மாடன்.

முதல் கயாக் நீளம், ஒல்லி, நீல நிறம். சாய்மானம் வைத்த உயரமான நாற்காலிகள் இரண்டு. பக்கவாட்டில் இருநூற்று முப்பது கிலோ என்று எழுதியிருந்தது. ரபீக்குக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"எப்படி இருக்கு பாத்தீரா, குதிரை மாதிரி. ஏத்துல மாடா."

நாற்காலிகளைக் கழற்றி வைத்துவிட்டு, மாடன் நான்கு மூட்டைகளை இரண்டிரண்டாகப் படுக்க வைத்தான். கயாக் கொஞ்சம் இறங்கியது, அசையவில்லை. ரபீக் தண்ணீரில் நின்று ஒரு பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். லேசாக ஆடி நின்றது.

"கல்லு மாதிரி நிக்கி. அஞ்சாவது மூட்டையும் ஏத்தலாம். குட்டி யானைக்கு முக்கால் டன்னுதான் எழுதியிருக்கான், நாம ஒண்ணேகால் ஏத்தலையா? எழுதுறவன் எப்பவும் குறைச்சுத்தான் எழுதுவான். முடிச்சிருவோம்."

கம்பத்தில் தொங்கிய சண்முகநாதனுக்குத் தெரியும், பாரம் எவ்வளவு என்பது பாதிதான். எந்த உயரத்தில் இருக்கிறது என்பது மீதி. ஆனால் வாயைத் திறந்தால் பயப்படுகிறார் என்று ஆகிவிடும். நண்பன் ஒரு மாதம் அலைந்திருக்கிறான்.

"தம்பி," என்றாள் ஜோதிலட்சுமி. "அந்தப் பல்லாரி மூட்டை தூண்டில் போடுமா?"

ரபீக் திரும்பினார். "என்ன மதினி?"

"இல்ல, மீன் மாட்டினா எட்டிப் பிடிக்குமா? பின்னால இருக்க ஆளுகிட்ட புளியோதரை வாங்கத் திரும்புமா? மூட்டை படுத்துக் கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் நாற்காலி போட்டு ஒசக்க உட்காரப் போறீய. முப்பது வருசம் அங்கன்வாடியில பிள்ளைகள நாற்காலியில உட்கார வச்சவ நான். பிள்ளை எத்தனை கிலோன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. ஆடாம உட்காருமான்னுதான் பாப்பேன்."

பிறகு சஜீவைப் பார்த்தாள். "இந்த எழுதியிருக்க எடை முங்குறதுக்கா, மிதக்குறதுக்கா?"

சஜீவ் தலையைச் சொறிந்தார். "சேச்சி, உள்ளது சொல்லாம். அது கடைசி எடை. அத்தனையும் ஏத்தினா தண்ணி சீட்டு வரைக்கும் வரும். மூணுல ஒரு பங்கு காலியா வைக்கணும். லாரி மாதிரி அல்ல."

ரபீக் மீசையைத் தடவிக்கொண்டார்.

"நாற்காலியப் போடுங்க," என்றாள் ஜோதிலட்சுமி. "நான் ஏறிப் பாக்கேன்."

"நீங்களா மதினி?"

"சித்தாத்துல நீஞ்சிப் படிச்சவதான. அந்த ஜாக்கெட்டைக் குடுங்க."

சுடிதாரின் மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஐம்பத்தாறு வயதுப் பெண் அந்த நீலக் குதிரையில் ஏறியதைப் பார்க்கக் கரையில் கூட்டம் நெருங்கி நின்றது. முன்னால் ரபீக், பின்னால் அவள். இருபதடி போனார்கள். அங்கே அவள் இடது காலை மடக்கித் தனக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

சண்முகநாதன் அதைப் பார்த்தார். அவர் உட்காருகிற மாதிரியே இருந்தது. இடுப்பை வலப்பக்கம் சற்றே சரித்து, இடது தோளைத் தூக்கி, இடது பக்கம் பாரம் இல்லாத மனிதன் உட்காருகிற உட்கார்வு. இரண்டு வருஷமாக அவரே கண்ணாடியில் பார்க்க மறுத்தது. அவள் ஒரு நாளும் அதைப்பற்றிப் பேசியதில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே வந்து போகையில் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறாள்.

அப்படியே உட்கார்ந்து, மீன் மாட்டியதுபோல் வலப்பக்கம் எட்டினாள்.

நீலக் குதிரை ஒரு கணம் யோசித்தது. பிறகு கவிழ்ந்தது.

ரெண்டேகால் மூட்டை தண்ணீரில் விழுந்த சத்தத்துக்கு ஆடுகள் ஓடின. கரையே சிரித்தது. யாரோ கைப்பேசியைத் தூக்கினார்கள். சண்முகநாதன் தன்னை மறந்து தண்ணீருக்குள் ஓர் அடி வைத்துவிட்டார்.

ஜோதிலட்சுமி முதலில் மேலே வந்தாள். வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினாள். முடியை ஒதுக்கினாள். அவள் முகத்தில் வெட்கமே இல்லை. மளிகைக் கடையில் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போடும்போது இருக்கும் முகம்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு," என்றாள். "இது வேண்டாம். அடுத்ததை இறக்குங்க."

ரபீக் கவிழ்ந்த கயாக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஏலே, படம் எடுத்தியா? எனக்கும் அனுப்பு. எம் பொண்டாட்டி நம்ப மாட்டா."

கரைக்கு வந்து துண்டால் முகம் துடைத்தவளிடம் சண்முகநாதன் தாழ்ந்த குரலில் கேட்டார். "ஏட்டி, வேணும்னுதான விழுந்தே?"

"நீங்க எப்படிச் சாய்வீகளோ அப்படிச் சாஞ்சேன். தள்ளிவிட்டது அது."

"இத்தனை பேரு பாத்தாகளே."

"பாத்தா என்ன? பாத்துட்டுத் துணி துவைக்கப் போயிட்டாக, பாருங்க."

பார்த்தார். அவர்கள் உண்மையிலேயே துணி துவைக்கப் போயிருந்தார்கள்.

இரண்டாவது கயாக்குக்கு அழகு கிடையாது. சாயம் வெளிறிய மஞ்சள், கட்டில் அகலம், குட்டை. அடியில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் புடைப்பு. உட்காரும் இடம் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. முந்நூறு கிலோ என்று எழுதியிருந்தது.

"மூணுல ஒண்ணைக் கழிச்சா இருநூறு. நாலு மூட்டை," என்றார் ரபீக். இப்போது அவரே கழித்தார். "ஆனா எருமை மாதிரியில்ல இருக்கு. நகருமா?"

"மெல்லப் போகும்," என்றார் சஜீவ்.

"எருமை மேல உட்காந்து போறவன் விழுந்து பாத்திருக்கீகளா?" என்றாள் ஜோதிலட்சுமி. ஈரத் துணியோடேயே ஏறினாள். ரபீக்கும் ஏறினார். காலை மடக்கினாள், வலப்பக்கம் எட்டினாள், இடப்பக்கம் எட்டினாள், திரும்பிப் பின்னால் கை நீட்டினாள். மஞ்சள் எருமை சாய்ந்து சாய்ந்து தன் நிலைக்கு வந்தது. கடைசியில் எழுந்தே நின்றுவிட்டாள். "மதினி, மதினி, உட்காருங்க," என்று ரபீக் கண்ணை மூடிக்கொண்டார்.

புயலில் கம்பி அறுந்தால் மழையோடு கம்பம் ஏறித் தெருவுக்கு வெளிச்சம் கொண்டுவந்தவர் என்று சண்முகநாதனை ஊர் புகழ்ந்திருக்கிறது. இடுப்பில் பெல்ட் கட்டித்தான் ஏறியிருக்கிறார். இவள் எதைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தார்.

அவள் கரைக்கு வந்து இறங்கி, ஒதுங்கி நின்றாள். வாங்க என்று கூப்பிடவில்லை.

அவராகவே செயற்கைக் காலைக் கழற்றினார். மாடன் அதை வாங்கி, பல்லாரி மூட்டைக்குக் காட்டாத மரியாதையோடு மார்பில் சாய்த்துக்கொண்டான். முழங்கால் தண்ணீரில் மாடனின் தோளைப் பிடித்து நின்று, கயாக்கின் விளிம்பில் முதலில் பின்புறத்தை வைத்தார். திண்டில் உட்காருவது போலத்தான் இருந்தது. பிறகு காலைத் தூக்கிச் சுழற்றி உள்ளே வைத்தார். பொந்து இல்லை, நுழைக்க ஒன்றும் இல்லை. முடிந்தது.

ரபீக் துடுப்புப் போட்டார். மதகுப் பக்கம் ஆழத்துக்கு வந்தபோது தண்ணீர் கறுத்தது. குற்றால மலை முழுக்கத் தலைகீழாக அதில் கிடந்தது. சண்முகநாதன் தூண்டிலை வீசினார். ஏழு மாதம் வீசாத கை. நூல் கொஞ்சம் பக்கத்திலேயே விழுந்தது.

"கழுதை, கை மறந்துபோச்சா?" என்றார் ரபீக்.

பதில் சொல்ல நேரமில்லை. நூல் இழுத்தது. சண்முகநாதன் வலப்பக்கம் எட்டினார், தன்னை மறந்து, முழு உடம்போடு. கயாக் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தொட்டது, அடி ஓட்டை ஒன்றின் வழியாகக் குமிழியிட்டது. ரபீக் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, "வே, வே, வே," என்றார். கயாக் நின்றது, நிதானமாக நிமிர்ந்தது. மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது.

"போச்சு," என்றார் ரபீக். "ஒரு கிலோ இருக்கும்."

"போகட்டும்."

சண்முகநாதன் கரையைப் பார்த்தார். ஜோதிலட்சுமி துணி துவைக்கிற பெண்ணொருத்தியிடம், தான் விழுந்த விதத்தைக் கையை ஆட்டி ஆட்டி விவரித்துக்கொண்டிருந்தாள். மாடன் செயற்கைக் காலைப் பிடித்தபடி கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் கயாக் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டியதை எல்லாம் முன்னாலேயே பார்த்து முடித்துவிட்டவளின் நிம்மதி அது.

"கரைக்கு விடும் வே," என்றார் சண்முகநாதன்.

"ஏன், பயந்துட்டீரா?"

"நீரு இறங்கும். ரெண்டேகால் மூட்டையை இறக்கிட்டு அவளை ஏத்தணும்."

"அப்ப புளியோதரை?"

"அது கரையிலதான் இருக்கு. உம்மையும் அதையும் ஒண்ணா விட்டுட்டுப் போறதுதான் எனக்குப் பயம்."

ரபீக் சிரித்துக்கொண்டே கயாக்கைத் திருப்பினார். அது எருமைபோல மெல்லத்தான் திரும்பியது.