திரும்பி வராத சீட்டுகள்

மேலாளர் அறிக்கையைப் படித்து முடித்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் அந்தக் கேளிக்கைப் பூங்காவில் ரொம்பக் குறைவு. எதிரே உட்கார்ந்திருந்தவள் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"பிரமாதம்மா. ஏரிக்கரைப் பூங்காவுல அம்பத்தெட்டு நிமிஷம் வரிசையில நிக்கறாங்க. ஓடுதளத்துப் பூங்காவுல அறுபத்தாறு. நம்மகிட்ட வெறும் நாப்பத்தொண்ணு. இதைத்தான் ரெண்டு வருஷமா தேடிட்டிருந்தேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் எதிராளி ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று அலுவலகத்தில் கேலி உண்டு. வரிசைகளை அளப்பது அவள் வேலை. எந்த ரைடுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பதினோரு வருடமாக அளந்துகொண்டிருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'நிமிஷம்' என்று பெயர். அது அவளுக்கும் தெரியும்.

மூன்று பூங்காக்களும் ஒரே சங்கத்தில் இருந்தன. ஒருவர் இடத்தில் இன்னொருவர் வந்து அளக்கலாம் என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். மூன்றிலும் படகுச் சறுக்கு உண்டு. ஆட்களை ஏற்றிய படகு உச்சிக்குப் போய், அங்கிருந்து தண்ணீருக்குள் பாயும். மூன்று சனிக்கிழமைகள், மூன்று பூங்காக்கள், ஒவ்வொன்றிலும் ஐம்பது மஞ்சள் சீட்டுகள். வரிசையின் வாலில் வந்து சேர்பவரிடம் மணியைக் குறித்து ஒரு சீட்டைக் கொடுப்பாள். அவர் படகில் ஏறும்போது மேலே மேடையில் நிற்கும் ஊழியர் சீட்டை வாங்கி, ஏறிய மணியையும் குறிப்பார். ஏறிய மணியிலிருந்து கொடுத்த மணியைக் கழித்தால் காத்திருந்த நேரம் வந்துவிடும். இதைவிட எளிய கணக்கு உலகத்தில் இல்லை என்று அவள் நம்பியிருந்தாள்.

"ஊர்ல எல்லாரும் ஒரு மணி நேரம் நிக்க வெக்கிறான்," என்றார் மேலாளர். "நாம மட்டும் எதுக்கு நாப்பது நிமிஷத்துல ஏத்தி விடணும்? எதுக்கு ரெண்டு படகு? ரெண்டாவது படகை நிறுத்திட்டா நாமளும் அறுபதுக்கு வந்துடுவோம். யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. மூணு மணிக்கு முதலாளியம்மா வராங்க. இதை அப்படியே வெச்சிடறேன்."

இரண்டாவது படகில் ஆறு பேர் வேலை செய்தார்கள். அதில் ஒருவன் அவளுடைய தம்பி.

"புகார் நம்மகிட்டதான் சார் அதிகம்," என்றாள் அவள், மெதுவாக. "அவங்க ரெண்டு பேரையும் சேர்த்தா வர்றதைவிட அதிகம். கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன்."

"பார்த்தேன். அந்தப் பக்கத்தை எடுத்துட்டேன்." அவர் நிஜமாகவே எடுத்திருந்தார். அது தனியாக மேசை ஓரத்தில் கிடந்தது. "கூட்டம் கூட்டம்தாம்மா. அங்க வர்றவன் பொறுமைசாலி. நம்மகிட்ட வர்றவனுக்குப் பொறுமையும் கிடையாது, ஒழுங்கும் கிடையாது. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

அவள் எழுந்து வெளியே வந்தாள். நடைவழியில் குடிநீர் இயந்திரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். டம்ளர் நிறைந்து வழிந்து செருப்பை நனைத்த பிறகுதான் குழாயை மூடினாள். அந்த ஆள் சொன்னதில் எது தன்னை இப்படிச் சுடுகிறது என்று யோசித்தாள். தம்பியின் வேலை, சரி. ஆனால் அது மட்டும் இல்லை. பொறுமை கிடையாது என்று அவர் சொன்னபோது அவளுக்குள் ஏதோ ஒன்று தலையாட்டியிருந்தது. அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஏரிக்கரையில் வரிசைக்கு மேலே கூரை இருந்தது. உட்கார்ந்தபடியே நகர்ந்து போக நீளமான பலகைகள் இருந்தன. ஓடுதளத்தில், பழைய விமானக் கொட்டகைக்குள் வரிசை வளைந்து வளைந்து போயிற்று. சுவர் முழுக்க விடுகதைகள். பிள்ளைகள் சத்தமாகப் படித்தார்கள், அப்பாக்கள் தப்பாகப் பதில் சொன்னார்கள். அறுபத்தாறு நிமிடம் நின்றவர்கள் சீட்டைக் கொடுக்கும்போது "அதுக்குள்ள வந்துடுச்சா?" என்று கேட்டார்கள். இதையெல்லாம் அவள் பார்த்திருந்தாள், எழுதியும் இருந்தாள். அது அந்தக் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

தங்கள் பூங்காவின் படகுத் துறைக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. வெயில் மண்டையைப் பிளந்தது. இரும்புக் கம்பிகளுக்கு நடுவே நானூறு பேர் நசுங்கிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே வானத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. துண்டைத் தலையில் போட்டவர்கள், செருப்பைக் கழற்ற முடியாமல் கால் மாற்றி நிற்பவர்கள், அழுது அழுது குரல் போன ஒரு குழந்தை. மேடையில் தம்பி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தான். போன வாரம் ஒரு ஆள் அவனை அறைந்திருந்தான். படகு நிறைந்துவிட்டது, அடுத்ததில் ஏறுங்கள் என்று சொன்னதற்கு. கன்னத்தில் மோதிரம் கிழித்த கோடு இன்னும் ஆறவில்லை.

"வாங்க நிமிஷம்!" என்றான் அவளைப் பார்த்ததும். "என்னக்கா, மூஞ்சி இப்படித் தொங்குது?"

அவள் சொன்னாள். அதிகம் சொல்லவில்லை, நாலு வாக்கியம். அவன் பக்கத்திலிருந்தவனிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"நீ எழுதினதா? உன் கையால எழுதினதா?"

"ஆமா."

"மூணு வாரமா ஊர் ஊராப் போய், கூடப் பொறந்தவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்திருக்கே. ரொம்ப சந்தோஷம்."

"நான் அளந்ததைத்தான்டா எழுதினேன்."

"என்னத்த அளந்தே? நாப்பத்தொண்ணாம்! எந்த மகராசன் நாப்பத்தொண்ணு நிமிஷத்துல இங்க வந்து ஏறினான்? ஆளைக் காட்டு, தலையில தூக்கி வெச்சு ஆடறேன்."

"சீட்டு பொய் சொல்லாது."

"சீட்டா?" அவன் அவளையே பார்த்தான். கோபம் ஒரு கணம் நின்று, அதன் இடத்தில் வேறொன்று வந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. "உனக்கு நிஜமாவே தெரியாதா? வா என்கூட."

வரிசையின் இரண்டாவது வளைவில் வேலிக் கம்பி ஒன்று உள்வாங்கி வளைந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் போய், கைபட்டுக் கைபட்டு இரும்பு பளபளவென்று இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் தன் மகளைத் தூக்கி வெளியே விட்டு, புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தானும் ஏறிக் குதித்தாள். யாரையும் பார்க்காமல் போனாள். பின்னால் நின்றவர்கள் ஒரு அடி முன்னால் நகர்ந்தார்கள். யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை.

"இப்படித்தான். நாள் முழுக்க," என்றான் தம்பி. வேலிக்கு வெளியே அடர்த்தியாக வளர்த்திருந்த குரோட்டன்ஸ் செடிகளைக் காலால் விலக்கினான். "குனிஞ்சு பாரு."

அவள் குனிந்தாள். செடிகளின் அடியில், துடைப்பம் எட்டாத இடத்தில், மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தன. சேற்றில் ஒட்டியவை, நாலாக மடித்தவை, கசக்கி எறிந்தவை, யாரோ ஒரு குழந்தை ஓரத்தைக் கடித்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பதினொன்று இருபது, பதினொன்று நாற்பத்தைந்து, பன்னிரண்டு பத்து. எல்லாம் அவள் கையெழுத்து. பதினேழு கிடைத்தன.

இங்கே அளந்த சனிக்கிழமை ஐம்பதில் இருபத்தொன்பதுதான் மேலே வந்து சேர்ந்திருந்தன. ஏரிக்கரையில் நாற்பத்தேழு. ஓடுதளத்தில் நாற்பத்தொன்பது.

முதல் வருடம், ஒரு பையன் சீட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு அழுதான் என்பதற்காக, அவளே படிவத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தாள்: தொலைந்த சீட்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த வரி பதினோரு வருடமாக அச்சாகிக்கொண்டிருந்தது. சீட்டு தொலைந்தால் தொலைந்ததுதான் என்று அவள் நினைத்தாள். ஆள் தொலைந்திருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. மேலே ஏறி வந்தவர்களை மட்டும் கூட்டி, வகுத்து, நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டாள். காலையில் கூட்டம் சேரும் முன்பே வந்தவர்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள். உச்சிவெயிலில் வந்தவர்கள்தான் முடியாமல் கம்பியைத் தாண்டிப் போயிருந்தார்கள். அவர்கள் எத்தனைக்கெத்தனை அதிகமாகப் போனார்களோ, அத்தனைக்கத்தனை அவளுடைய சராசரி அழகாக வந்தது.

அறிக்கையில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள். 'நமது விருந்தினர்கள் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில்லை.' தன் கையால், நல்ல தமிழில். மேலாளரின் 'ஒழுங்கு கிடையாது' வேறு, இது வேறா?

"ஏன்டா சொல்லல?" என்றாள்.

"நீ கேட்டியா? வால்ல நின்னு சீட்டைக் கொடுப்பே, மேடைக்கு வந்து சேர்ந்ததை வாங்கிட்டு நீ பாட்டுக்குப் போயிடுவே. ஒரு நாள் இந்த வளைவுல வந்து நின்னிருக்கியா? உனக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு நினைச்சேன்."

அவள் சீட்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அந்த யாராவதில் அவளும் இருந்தாள்.

மூன்று மணிக்கு முதலாளியம்மாவின் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் பாதி பேசிவிட்டிருந்தபோது அவள் கைக்குட்டையை மேசைமேல் அவிழ்த்தாள். மெருகிட்ட மரத்தில் சேறு உதிர்ந்தது.

"நாப்பத்தொண்ணு தப்பு," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பேச்சு இவ்வளவு வேகமாகத் தன்னிடமிருந்து வரும் என்று அவளுக்கே தெரியாது. ஐம்பதில் இருபத்தொரு பேர் பாதியில் ஓடிப்போனதைச் சொன்னாள். அவர்களைக் கழித்துவிட்டு எண்ணியதைச் சொன்னாள். எடுத்து ஒதுக்கிய கடைசிப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதைச் சொன்னாள். "அங்க ஒரு மணி நேரம் உட்கார வெச்சு, நிழல்ல வெச்சு ஏத்தறாங்க. நாம வெயில்ல வறுத்து, ஓட விட்டுட்டு, மிச்சம் இருக்கிறவங்களை எண்ணிப் பெருமைப்பட்டுக்கறோம். இதுல ஒரு படகையும் நிறுத்தினா மிச்சம்கூட இருக்காது."

மேலாளரின் முகம் சிவந்தது. "மேடம், இவங்க தம்பி அந்த ரெண்டாவது படகுலதான் இருக்கான். அதையும் சொல்லச் சொல்லுங்க."

"ஆமா," என்றாள் அவள். "அவன்தான் காட்டினான். பதினோரு வருஷமா நான் பார்க்காததை அவன் தினமும் பார்த்துட்டிருக்கான். அறையும் வாங்கிட்டிருக்கான்."

"அப்போ பதினோரு வருஷமா நீங்க கொடுத்த எல்லாமே தப்பா? வாசல்ல போர்டு வெச்சிருக்கோமே, 'காத்திருப்பு குறைவு'ன்னு. அது உங்க கணக்குதானே?" என்று மடக்கினார் மேலாளர்.

"என் கணக்குதான். தப்புதான்."

முதலாளியம்மா ஒரு சீட்டை எடுத்து, பல்தடம் பதிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். யாரும் பேசவில்லை. அந்த அமைதி அவளுக்குப் பழக்கமானது. வழக்கமாக அவள் அதில் போய் ஒளிந்துகொள்வாள். இன்றைக்கு ஒளிய இடமில்லாமல் நடுவில் நின்றாள்.

"சரி. உண்மையான நேரம் எவ்வளவு?"

"தெரியாது மேடம். போனவங்க எவ்வளவு நேரம் நின்னுட்டுப் போனாங்கன்னு யாரும் எழுதல."

"தெரியாததை வெச்சுப் படகை நிறுத்த முடியாது." முதலாளியம்மா மேலாளரைப் பார்க்காமலே சொன்னார். "இப்போதைக்கு ரெண்டும் ஓடட்டும். மறுபடி அளக்கணும். ஆனா நீங்க அளக்க வேண்டாம்." பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "அதுக்கு நான் வேற யாரையாவது பார்த்துக்கறேன்" என்றார்.

"கூரை மேடம்?"

"கூரையைப் பத்தி இப்ப யார் பேசினாங்க?"

அவள் மாடிப்படி இறங்கினாள். கோபம் குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. படகு நின்றுவிடவில்லை, ஆறு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆனாலும் நானூறு பேர் இன்னும் அந்தக் கம்பிகளுக்கு நடுவேதான் நின்றார்கள். அவர்களுக்கு மேலே ஒரு துண்டுத் துணிகூட வரப்போவதில்லை.

தம்பி மேடையிலிருந்து கையை ஆட்டிக் கேட்டான். இரண்டு விரலைக் காட்டினாள்: ரெண்டும் ஓடும். அவன் ஓடி வந்தான்.

"உனக்கு?"

"என் கணக்குதான் தப்புன்னு சொல்லிட்டேன். அளக்கிற வேலை இல்லைன்னுட்டாங்க."

"பைத்தியமாக்கா உனக்கு? புதுசா அளக்கணும்னு மட்டும் சொல்லியிருக்கலாமே. உன் தப்புன்னு எதுக்கு ஒத்துக்கிட்டே?"

"பின்ன யாரோட தப்பு?"

மேடையிலிருந்து யாரோ அவனைக் கத்திக் கூப்பிட்டார்கள். போகும்போது அவள் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனான்.

இரண்டாவது வளைவில் ஒரு ஆள் கம்பிமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். தோளில் தூங்கிப்போன மகன், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"உனக்கெதுக்கு?" என்றார் அவர். அவள் மார்பில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது. "ஓ, இங்க வேலை பாக்கறியா? ஒரு மணி பத்து நிமிஷம்! புள்ளைக்குத் தண்ணி கேட்டா வரிசையை விட்டுப் போய் வாங்கிக்கச் சொல்றான். மனுஷங்களா நீங்கள்லாம்?" பின்னாலிருந்து இன்னொருவர் சேர்ந்துகொண்டார், அவரோடு இன்னும் இரண்டு பேர். காசு, வெயில், வெட்கம் கெட்டவர்கள், ஏமாற்றுக்காரர்கள் என்று வார்த்தைகள் அவள் மேல் வந்து விழுந்தன.

அவள் நகரவில்லை. அவர்கள் திட்டி முடிக்கும்வரை வெயிலில் நின்று கேட்டாள். முடித்ததும், கம்பிக்கு அந்தப் பக்கம் அடுத்ததாகக் காலைத் தூக்கிய கிழவரிடம் திரும்பி, "நீங்க எவ்வளவு நேரம் நின்னீங்க?" என்று கேட்டாள்.