சம்மதம்

டாக்டரம்மா ஷைர்குல், பெகாயிமை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி நடையின் கோடி ஜன்னலுக்கு வெளியே பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

"உன் தம்பிக்கு மூளை செத்துப்போச்சும்மா. நேத்தும் சோதிச்சேன், இன்னிக்கும் சோதிச்சேன். மூச்சை மெஷின்தான் விடுது."

ஞாயிற்றுக்கிழமை, குதிரையில் இருந்தபடி செத்த ஆட்டைப் பறித்துக்கொண்டு ஓடும் உலாக் ஆட்டத்தில், ஆட்டு உடலைத் தரையிலிருந்து அள்ளக் குனிந்த தம்பி சிய்மிக்கின்மேல் அவன் குதிரையே புரண்டுவிட்டது. தலைநகர் பிஷ்கெக்கில் மதக் கல்வி படித்துக்கொண்டிருந்த பெகாயிம், சேதி கேட்டதும் கிடைத்த காரில் ஏறிக் கணவாயைத் தாண்டி வந்தாள். அவள் வந்த மறுநாளே பனி கணவாயை மூடிவிட்டது.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் டாக்டர். "அடுத்த வார்டுல ஜிபார்னு ஒரு பொண்ணு. குழந்தை பெத்த உடம்பு. நுரையீரல்ல கிருமி ஏறி மூச்சு விட முடியாம கெடக்குறா. மெஷின்ல போட்டா பொழைக்க வழியிருக்கு. ரெண்டு மெஷின்ல ஒண்ணு ரிப்பேர், இன்னொண்ணு உன் தம்பிக்கு ஓடுது. பாதை திறந்திருந்தா நகரத்துக்கு அனுப்பியிருப்பேன்." கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் உத்தரவு போடல. உங்க வீட்டுச் சம்மதம் இல்லாம அந்தக் குழாயில கை வைக்க எனக்குத் தைரியம் இல்ல. அவ்வளவுதான்."

பெகாயிம் அப்பாவிடம் போய்ச் சொன்னாள். ஒஸ்மோனாலி குதிரைகளோடு வாழ்ந்த மனிதர். சட்டென்று கோபம் வரும். அன்று வரவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்தார்.

"நீதானேம்மா படிச்சவ. மார்க்கம் என்ன சொல்லுது? நீ சொல்றபடி செய்யலாம்."

போன மாதம்தான் இதே கேள்விக்குப் பரீட்சையில் அவள் நான்கு பக்கம் எழுதியிருந்தாள். உயிர் இறைவன் ஒப்படைத்த அமானிதம், மனிதன் அதற்குக் காவல்காரன் மட்டுமே என்று ஆரம்பித்து, காப்பாற்றக்கூடிய உயிரைக் கைவிடுவதும் பாவம் என்று முடித்திருந்தாள். ஆசிரியர் ஓரத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தார். இப்போது அந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

ஊர் இமாமுக்குப் போன் செய்தாள்.

"மூளை போனாலே மௌத்து, உயிர் போயாச்சுன்னு சொல்ற ஆலிம்களும் இருக்காங்க. இதயம் நிக்கணும்னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டுக்கும் இடம் இருக்கு மகளே."

"அது எனக்கும் தெரியும் ஹஸ்ரத். இப்ப நான் எதைச் செய்ய?"

அந்தப் பக்கம் நல்ல மனிதர் ஒருவர் தவிப்பது கேட்டது. "நிய்யத்தைச் சுத்தமா வெச்சுக்கோ. அல்லாஹ் அறிவான்."

தன் நிய்யத், மனதின் நோக்கம், சுத்தம்தானா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. தம்பி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் உயிரின் புனிதத்தைப் பற்றி யோசிக்கிறாளோ?

அறைக்குள் அம்மா கால்யிபா மகனின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் இழுத்து இழுத்து மூச்சுவிட்டது.

"அம்மா, அவன் போயிட்டான்மா. டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"போனவனுக்குக் கால் சூடா இருக்குமா? தொட்டுப் பாரு. தொடுடீ!"

பெகாயிம் தொட்டாள். சூடாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவன் கட்டைவிரல் லேசாகத் துடித்தது.

"பாத்தியா! எங்க, இப்பச் சொல்லு, போயிட்டான்னு!"

முதுகுத்தண்டு தானாகச் செய்யும் வேலை அது, உயிரின் அடையாளம் இல்லை என்று டாக்டர் முன்பே விளக்கியிருந்தார். அதை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வெளியே வந்தபோது அப்பாவின் பக்கத்தில் ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். ஜிபாரின் கணவன் எர்மெக். ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி, துணி முடிச்சை அவிழ்த்து, பொரித்த மாவுத் துண்டுகளை நீட்டினான்.

"சாப்பிடுங்க மாமா. காலையிலேருந்து பாக்குறேன், ஒண்ணுமே சாப்பிடல நீங்க." பெகாயிமைப் பார்த்ததும் எழுந்துகொண்டான். "வாங்கக்கா. உங்க தம்பி ஆட்டம் நான் பாத்திருக்கேன். என்னா ஆளு! எந்திரிச்சிடுவாரு. என் பொண்டாட்டிக்கும் சேர்த்து துஆ பண்ணுங்க. வீட்டுல குழந்தை பக்கத்து வீட்டம்மா பாலைக் குடிக்க மாட்டேங்குதாம். திமிரு, அம்மா மாதிரியே."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். அப்பா தேநீர்க் கிண்ணத்தைக் குடிக்காமல் கீழே வைத்தார். இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று பெகாயிமுக்குப் புரிந்தது.

அவன் போனதும் அப்பா எழுந்தார். "சரின்னு சொல்லிடலாம்," என்றார். இரண்டடி நடந்தார். உள்ளிருந்து அம்மா மகனுக்குச் சின்ன வயதுப் பாட்டு ஒன்றை முணுமுணுப்பது கேட்டது. நின்றுவிட்டார். "என்னால முடியாது. உங்கம்மா செத்துருவா. நீ போய்ச் சொல்லு. இல்ல, சொல்லாத. எனக்குத் தெரியலம்மா."

பெகாயிம் டாக்டரின் அறை வாசல்வரை போனாள். கதவைத் தட்டக் கை தூக்கினாள். சரி என்றால் அம்மா சாகும்வரை தன் முகத்தில் விழிக்கமாட்டாள். மாட்டேன் என்றால் ஒரு குழந்தைக்குத் தாய் இல்லை. தூக்கிய கையோடு அங்கேயே நின்றாள். எவ்வளவு நேரம் என்று பிறகு யோசித்தும் நினைவு வரவில்லை.

கதவு உள்ளிருந்து திறந்தது. டாக்டர் ஓட்டமாக வெளியே வந்தார். "கணவாயில பனி தள்ளுற வண்டி ஏறிடுச்சாம். ஜிபாரை ஆம்புலன்ஸ்ல அனுப்புறேன். மூச்சுப் பையைக் கையால அமுக்கிக்கிட்டே போக நர்ஸ் கூடப் போறா."

'அப்பாடா' என்று பெகாயிமின் நெஞ்சு சொன்னது. யார் காதிலும் விழவில்லைதான். ஆனால் அது சொன்னது.

இருட்டுமுன் ஆம்புலன்ஸ் திரும்பி வந்துவிட்டது. பாதி ஏற்றத்திலேயே ஜிபார் போய்விட்டாள். அடுத்த நாள் காலை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிய்மிக்கின் இதயமும் நின்றது. அம்மா மட்டும் அதற்குப் பிறகும் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

துக்கத்துக்காக வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டார்கள். ஊர் வழக்கப்படி ஆண்கள் தூரத்திலிருந்தே ஓலமிட்டுக்கொண்டு வந்தார்கள். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடினார்கள். பெகாயிமும் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களின் குரல்களில் ஒன்று எர்மெக்குடையது என்று தெரிந்ததும் எழுந்து வெளியே போனாள்.

தன் வீட்டுத் துக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தான். முகத்தில் சவரம் இல்லை. அப்பாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு, வேலி ஓரம் நின்ற அவளிடம் வந்தான்.

"அக்கா, ஒண்ணு கேட்கணும். ஊர்ல ஏதேதோ பேசுறாங்க. அன்னிக்கு அந்த மெஷினுக்காக உங்களை யாராவது கேட்டாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அது கருணையா பொய்யா என்று பிரித்துப் பார்க்கவும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் கண்ணுக்கு முன்னால் அந்த வார்த்தை வரவில்லை.

"கேட்டாங்க."

அவன் மெல்லத் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"யாரும் கேட்கலன்னு நினைச்சு மனசைத் தேத்தி வெச்சிருந்தேன்," என்றான்.

"நான் ஒண்ணுமே சொல்லல தம்பி. சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல."

அவன் திட்டவில்லை. காரை நோக்கித் திரும்பி நடந்தான். காரில் அவன் அம்மா போர்வைக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். கார் சேற்றில் வழுக்கித் தடுமாறிப் பாதைக்கு ஏறியது. குழந்தையின் அழுகை சிறிது தூரம்வரை கேட்டது.

பெகாயிம் பெண்களிடம் திரும்பிப் போய், அம்மாவின் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.